செயலி மூன்று பெயர் சொல்கிறது, எதை நம்புவது டாக்டர்?

பாலக்கோடு பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து 31 வயது வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டு, சாரத்தை மட்டும் தருகிறேன்.

நான்கு வருடமாக அவருக்கு இரண்டு முழங்கைகளிலும் செதில் செதிலாகப் படை இருக்கிறது. தலையில் முடியோரத்திலும் உண்டு. மார்கழி, தையில் தடிக்கும். சித்திரை தாண்டினால் அடங்கும். அடுத்த வருடம் அச்சு மாறாமல் அதே இடத்தில் வந்து நிற்கும். மாங்காய் சீசனில் கிருஷ்ணகிரி பக்கம் மாங்கூழ் தொழிற்சாலைக்குக் கூலி வேலைக்குப் போகிறார். அந்த மாதங்களில் உள்ளங்கை வெடித்து எரிகிறது. போன வருடம் இடுப்பில் வட்டமாக ஒன்று வந்தது. மருந்துக் கடையில் கொடுத்த களிம்பு பூசினால் மறைகிறது, விட்டால் திரும்புகிறது. உள்ளூரில் ஓரிடத்தில் ஊசி போட்டார்கள். "ரெண்டே நாள்ல தோல் புதுசு மாதிரி ஆச்சு. ஒரு மாசத்துல முன்ன இருந்ததுக்கு ரெண்டு மடங்கா வந்துடுச்சு" என்கிறார்.

ஓசூரில் வேலை பார்க்கும் தம்பி, அக்காவின் தோலைப் படமெடுத்து ஏ.ஐ. செயலியில் ஏற்றிக் கேட்டிருக்கிறார். முதலில் படர்தாமரை என்றது. அடுத்த மாதம் சொரியாசிஸ் என்றது. பிறகு எக்ஸிமா என்றது. சொரியாசிஸுக்கு என்ன மருந்து என்று கேட்டதற்கு மெத்தோட்ரெக்ஸேட் என்று வந்தது. தம்பி அந்த மாத்திரையை வாங்கித் தரத் தயாராக இருக்கிறார். இதற்கிடையில் கல்யாணமாகி மூன்று வருடம், குழந்தைக்கு முயற்சி செய்கிறார்கள். வீட்டில் இவருக்குத் தனித் தட்டு, தனி டம்ளர். குஷ்டமாக இருக்கும் என்று நாத்தனார் சொல்ல, விலக்கி வைப்பதுவரை பேச்சு போயிருக்கிறது. போர் தண்ணீர்தான் காரணம் என்பது அம்மாவின் கட்சி. வாசகியின் கேள்வி: "எந்தப் பேரை நம்பறது? அந்த மாத்திரை சாப்பிடலாமா? ஏ.ஐ.யில புது மருந்து கண்டுபிடிக்கறாங்களாம், அதுவரைக்கும் பொறுத்துக்கலாமா?"

சகோதரி, உங்கள் கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் போகிற போக்கில் இரண்டு விஷயம் எழுதியிருக்கிறீர்கள். காலையில் எழுந்தால் விரல்கள் மடங்க நேரமாகிறது, வேலைக் களைப்பாக இருக்கும் என்று ஒன்று. மார்புக்குக் கீழும் படை இருக்கிறது, தம்பியிடம் காட்டக் கூச்சமாக இருந்ததால் படம் எடுக்கவில்லை என்று இன்னொன்று. எனக்கு உங்கள் நோயைப் பற்றி அதிகம் சொன்னவை இந்த இரண்டு வரிகள்தான். செயலிக்கு இரண்டுமே தெரியாது.

மூன்று பெயர்கள் எப்படி வந்தன

செயலி குழம்பிவிட்டது என்று நினைக்கிறீர்கள். நீங்கள் எழுதிய தேதிகளை வைத்துப் பார்த்தால் எனக்கு வேறு மாதிரி தோன்றுகிறது. படர்தாமரை என்று வந்தது இடுப்புப் படத்துக்கு. சொரியாசிஸ் என்று வந்தது மார்கழியில் எடுத்த முழங்கைப் படத்துக்கு. எக்ஸிமா என்று வந்தது சீசன் நேரத்தில் எடுத்த உள்ளங்கைப் படத்துக்கு. ஒரே ஆள் என்பதால் ஒரே நோயாகத்தான் இருக்க வேண்டும் என்று நீங்களும் தம்பியும் எடுத்துக்கொண்டீர்கள். மூன்றுமே சரியாக இருக்கவும் வாய்ப்புண்டு.

குளிரில் தடித்து, வெயிலில் அடங்கி, இரண்டு முழங்கையிலும் ஒரே மாதிரி, முடியோரத்திலும் வருவது சொரியாசிஸின் போக்கு. மாங்காய் அலசும் மாதங்களில் மட்டும் கை வெடிப்பது, நாள் முழுக்க ஈரத்தில் வேலை பார்ப்பதாலும் மாம்பால் படுவதாலும் வரும் எக்ஸிமாவாக, அதாவது எரிச்சலாலோ ஒவ்வாமையாலோ வரும் தோல் அழற்சியாக இருக்கலாம். மாங்காய்க் காம்பில் வடியும் பால் சிலருக்குத் தோலைப் புண்ணாக்கும் என்று உங்கள் ஊர்த் தோப்புக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இடுப்பில் வட்டமாக வந்தது படர்தாமரையாக, அதாவது பூஞ்சையாக இருக்கலாம். ஆக உங்கள் உடம்பில் இரண்டு நாட்காட்டி ஓடுகிறது, ஒன்று மார்கழிக்கு, இன்னொன்று வைகாசிக்கு. ஒரு படம் ஒரு நாளைத்தான் காட்டும். மறுபடி மறுபடி வருகிற நோயில் எப்போது வருகிறது, எதற்குப் பிறகு வருகிறது என்பதில்தான் பாதி விடை இருக்கிறது.

பூஞ்சை விஷயத்தில் கடைக் களிம்பு இன்னொரு சிக்கலைச் செய்திருக்கும். நீங்கள் எழுதிய பெயரில் வருவது ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, பாக்டீரியா மருந்து மூன்றையும் சேர்த்த களிம்பு. ஸ்டீராய்டு அரிப்பை உடனே அடக்கும், அடியில் பூஞ்சை நிம்மதியாகப் பரவும், படையின் உருவமே மாறிவிடும். அனுபவப்பட்ட தோல் மருத்துவரே அந்த நிலையில் கண்ணால் மட்டும் பார்த்து முடிவுக்கு வரத் தயங்குவார். ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டு இருந்தால்தான் விற்க வேண்டும் என்று 2018இல் மத்திய அரசு விதியை இறுக்கியது. கடைகளில் நடப்பது உங்களுக்கே தெரியும்.

அடுத்தது நிறம். படத்தைப் பார்த்துத் தோல் நோய் சொல்லும் கணினிகளுக்குப் பெரிய பேர் வாங்கிக் கொடுத்தது 2017இல் வந்த ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வு. கிட்டத்தட்ட 1,29,000 படங்களைக் காட்டிப் பழக்கினார்கள். ஆனால் அங்கே தேர்வு வைத்தது தோல் புற்றுநோயைக் கண்டுபிடிக்கிறதா என்பதில். உங்களுடையது மாதிரி வந்து வந்து போகும் நோயில் இல்லை. 2022இல் பல நிறத் தோல்களின் 656 படங்களைக் கொடுத்துச் சில ஏ.ஐ.களைச் சோதித்தபோது, கறுத்த தோலில் அவற்றின் தவறு கூடியது. காரணம் பெரிய ரகசியமில்லை, பழகிய படங்களில் வெளுத்த தோல்தான் அதிகம். பாடப்புத்தகத்தில் 'சிவந்த படை' என்று இருப்பது நம் நிறத்தில் சிவப்பாகத் தெரியாது. கருஞ்சிவப்பாக, சாம்பல் கலந்த ஊதாவாக, சில சமயம் வெறும் கறுப்பாகத்தான் தெரியும். படை ஆறிய பிறகும் கறை மாதக்கணக்கில் நிற்கும். அந்தக் கறையைப் படமெடுத்து அனுப்பினால் நோய் இன்னும் இருக்கிறது என்று செயலி சொல்லும். நோயாளிகளும் அப்படி நினைத்து ஆறிய இடத்திலேயே மருந்தைத் தேய்த்துக்கொண்டிருப்பார்கள்.

இன்னொன்று, தம்பி கேட்ட விதம். "இது படர்தாமரையா?" என்று கேட்டிருக்கிறார். இந்தச் செயலிகளின் பதில் கேட்கிற கேள்வியின் பக்கம் சாய்வதுண்டு. மருத்துவமனையில் நாங்கள் எதிர்த் திசையில் போவோம். படை என்று வருகிறவரின் நகத்தைப் பார்ப்போம், காதுக்குப் பின்னால் பார்ப்போம், செதிலை மெல்லச் சுரண்டிப் பார்ப்போம். சொரியாசிஸ் செதில் மெழுகைச் சுரண்டியது போல வெள்ளையாக உதிரும், முழுக்க எடுத்தால் அடியில் ஊசிமுனை அளவு ரத்தம் துளிர்க்கும். (வீட்டில் இதைச் செய்து பார்க்க வேண்டாம். காயம் பட்ட இடத்திலேயே புதிதாகப் படை கிளம்புவது இந்த நோயின் குணம்.) பூஞ்சை சந்தேகம் இருந்தால் கொஞ்சம் செதிலைக் கண்ணாடித் துண்டில் எடுத்து, காரக் கரைசல் விட்டு, மைக்ராஸ்கோப்பில் பார்ப்போம். செலவு குறைவு, சீக்கிரம் தெரிந்துவிடும். எந்த கேமராவாலும் இதைச் செய்ய முடியாது.

அதே இடத்தில் ஏன் திரும்புகிறது

இந்தக் கேள்விக்குச் செயலி உங்களுக்குச் சொன்ன பதில் நன்றாகவே இருந்தது, அதை ஒத்துக்கொள்ள வேண்டும். நம் உடம்பின் எதிர்ப்பு அணுக்களில் டி செல் என்று ஒரு வகை உண்டு. சொரியாசிஸில் அவை தேவையில்லாமல் தோலைத் தாக்குகின்றன, தோல் அவசர அவசரமாக வளர்ந்து செதிலாகிறது. படை ஆறிய பிறகும் அவற்றில் சில அதே இடத்தில் தங்கிவிடுகின்றன. மேலே பார்த்தால் தோல் சுத்தம், அடியில் பழைய ஞாபகத்தோடு அவை காத்திருக்கும். குளிர், தொண்டைச் சளி, மனக்கவலை, காயம், சில மாத்திரைகள் என்று ஏதாவது ஒன்று தட்டி எழுப்பினால் மறுபடி அதே முழங்கை. ஊசிக்குப் பிறகு இரண்டு மடங்காக வந்ததற்கும் இங்கேதான் காரணம். அது பெரும்பாலும் ஸ்டீராய்டு ஊசியாக இருந்திருக்கும். அடக்கியதன் பிடி விட்டதும் நோய் வேகமாக எழும். சிலருக்கு உடம்பு முழுக்கச் சிவந்து, சீழ்க் கொப்புளத்தோடு, குளிர் காய்ச்சலாகப் போகும். அப்படி ஏதாவது வந்தால் காலை ஓ.பி.க்குக் காத்திருக்காமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். இப்போது யாராவது ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்து நீங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தால், அதையும் நீங்களாகத் திடீரென்று நிறுத்த வேண்டாம்.

ஏ.ஐ. உண்மையில் உழைக்கிற இடம் இப்படிப்பட்ட விஷயங்களைத் துருவும் ஆராய்ச்சிக்கூடம்தான். மனிதனுக்குச் சுமார் 20,000 மரபணுக்கள். ஒரு துளித் தோலை எடுத்தால் அதில் ஆயிரக்கணக்கான செல்கள். எந்த செல்லில் எந்த மரபணு விழித்திருக்கிறது என்று இப்போது ஒவ்வொரு செல்லாகப் பார்க்க முடிகிறது. அந்தக் கணக்கை மனிதர் யாரும் உட்கார்ந்து படிக்க முடியாது, கணினிதான் கூட்டம் கூட்டமாகப் பிரித்துக் காட்டுகிறது. எனக்குப் பிடித்த உதாரணம் 2014இல் ஜெர்மனியில் செய்தது. ஒரே ஆளுக்கு சொரியாசிஸும் எக்ஸிமாவும் இரண்டும் இருக்கிறவர்களைத் தேடிப் பிடித்து, இரண்டு படையிலிருந்தும் தோல் எடுத்து ஒப்பிட்டார்கள். ஆளுக்கு ஆள் மாறும் சமாச்சாரமெல்லாம் அதில் தானாகக் கழிந்துவிடும் அல்லவா! கடைசியில் இரண்டே மரபணுக்களின் அளவை வைத்து இது சொரியாசிஸ், இது எக்ஸிமா என்று பிரித்துவிட முடிந்தது. ஆக ஒரே உடம்பில் இரண்டும் இருப்பது நடக்கிற விஷயம்தான். ஆனால் அந்தச் சோதனைக்குத் தோலை வெட்டி எடுக்க வேண்டும், உங்கள் தம்பியின் கைப்பேசிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

அம்மாவுக்கு ஒரு வார்த்தை. தருமபுரி மாவட்டத்து நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம் என்பது உண்மை. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே அதற்காக வந்ததுதான். ஆனால் ஃபுளோரைடு பல்லையும் எலும்பையும் கெடுக்கும், சொரியாசிஸைக் கொண்டுவராது. உப்புத் தண்ணீர் தோலை வறட்டி அரிப்பைக் கூட்டலாம், அவ்வளவுதான். குளித்த ஈரம் காய்வதற்குள் தேங்காய் எண்ணெயோ வாசலினோ தடவுங்கள். கத்தரிக்காயையும் கருவாட்டையும் நிறுத்திவிட்டேன் என்று எழுதியிருக்கிறீர்கள். குறைந்ததா என்று நீங்களே எழுதவில்லை. சாப்பிடுங்கள், களியும் சாப்பிடுங்கள்.

அந்த மாத்திரையை வாங்க வேண்டாம்

மெத்தோட்ரெக்ஸேட் நல்ல மருந்து. சொரியாசிஸுக்குப் பல பத்தாண்டுகளாகக் கொடுக்கிறோம், விலையும் குறைவு, மூட்டு வலியையும் பிடிக்கும். செயலி சொன்னதில் பொய் இல்லை. ஆனால் கருத்தரிக்க முயற்சி செய்கிற பெண் அதைத் தொடக் கூடாது. கரு கலையலாம், குழந்தைக்குக் கடுமையான ஊனம் வரலாம். நிறுத்திய பிறகும் சில மாதம் இடைவெளி விட்டுத்தான் கருத்தரிக்க வேண்டும். தம்பி கேட்டபோது நீங்கள் குழந்தைக்கு முயற்சி செய்வதைச் சொல்லவில்லை. அக்காவின் அந்த விஷயத்தைத் தம்பி எப்படித் தட்டச்சு செய்வார்?

குழந்தை யோசனையே இல்லாதவர்களுக்கும் இதைச் சொல்லிவைக்கிறேன். இது வாரத்துக்கு ஒரு நாள் சாப்பிடுகிற மாத்திரை. தினமும் என்று நினைத்துச் சாப்பிட்டு வாயெல்லாம் புண்ணாகி, ரத்த அணுக்கள் சரிந்து உயிருக்கே ஆபத்தில் கொண்டுபோய் விட்டவர்கள் உண்டு. தொடங்குமுன் ரத்த அணுக்களையும் கல்லீரல், சிறுநீரகத்தையும் சோதிக்க வேண்டும், பிறகும் விட்டுவிட்டுச் சோதிக்க வேண்டும். அசிட்ரெட்டின் என்ற மாத்திரையை யாராவது சொன்னாலும் வேண்டாம். அதை நிறுத்தி மூன்று வருடம் வரை கருத்தரிக்கக் கூடாது.

சட்டமும் இதில் தெளிவாக இருக்கிறது. 2020இல் வந்த தொலைமருத்துவ வழிகாட்டு நெறிகளின்படி ஏ.ஐ. தளம் நோயாளிக்கு ஆலோசனை சொல்லவோ மருந்து எழுதவோ அனுமதி இல்லை. மருத்துவருக்கு உதவியாக இருக்கலாம். செயலியின் பதிலில் கடைசி வரியாக 'மருத்துவரை அணுகவும்' என்று இருந்ததாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதுதான் அந்தப் பதிலிலேயே உருப்படியான வரி.

அப்படியானால் உங்களுக்கு வழி என்ன? கருத்தரிக்க முயல்கிறவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் பொருத்தமான சிகிச்சை இருக்கிறது. அளவு சொல்லிக் கொடுக்கும் களிம்புகள், 311 நானோமீட்டர் புற ஊதாக் கதிரால் தரும் ஒளி சிகிச்சை ஆகியவை. ஒளி சிகிச்சைக்கு வாரம் இரண்டு மூன்று முறை போக வேண்டியிருக்கும், கூலி போகும், பஸ் செலவு ஆகும். அதை முன்கூட்டியே வீட்டுக்காரரோடு பேசி முடிவு செய்யுங்கள். தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன. தோல் பிரிவு ஓ.பி. நாளையும், ஒளி சிகிச்சை இருக்கிறதா என்பதையும் முதல் நாளே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கர்ப்ப காலத்தில் பலருக்கு இந்த நோய் தானாகவே குறையும், பிரசவத்துக்குப் பிறகு கொஞ்சம் கிளம்பும். குழந்தைக்கு வருமா என்ற பயம் வரிக்கு வரி தெரிகிறது. தாய்க்கோ தகப்பனுக்கோ இருந்தால் வாய்ப்பு சற்றுக் கூடும். ஆனாலும் பெரும்பாலான குழந்தைகளுக்கு வருவதில்லை.

விரல் மடங்காத விஷயத்தைத் தள்ளிப்போட வேண்டாம். சொரியாசிஸ் உள்ளவர்களில் ஒரு பகுதியினருக்கு மூட்டிலும் அழற்சி வரும். காலையில் அரைமணிக்கு மேல் விறைப்பாக இருந்து, வேலை செய்யச் செய்ய இளகினால் அது களைப்பு இல்லை. விட்டுவிட்டால் மூட்டு நிரந்தரமாகக் கோணிவிடும். புது மருந்து வரும்வரை பொறுக்கலாமா என்று கேட்டீர்களே, பொறுக்கக் கூடாது என்பதற்கு இது ஒன்றே போதும். இன்றைக்கு இருக்கிற மருந்துகளே உங்கள் நோயைக் கட்டுக்குள் வைக்கும்.

தம்பியின் கைப்பேசியை எதற்கு வைத்துக்கொள்ளலாம்

கோபித்துக்கொண்டு செயலியை அழிக்க வேண்டாம். நாலு வருடத்தில் உங்களைப் பற்றி ஏதாவது குறித்து வைத்தவர் தம்பி ஒருவர்தான். இனி அவர் கைப்பேசியில் இல்லாமல் உங்கள் கைப்பேசியில் செய்யுங்கள். வாரம் ஒருநாள், அதே ஜன்னல் வெளிச்சத்தில், அதே தூரத்தில், பக்கத்தில் ஒரு ரூபாய்க் காசை வைத்துப் படம் எடுங்கள். அழகு கூட்டும் வசதியை அணைத்துவிடுங்கள். படத்தோடு நாலு வரி: அன்றைக்கு எங்கே வேலை, தொண்டை வலி இருந்ததா, மாதவிலக்குத் தேதி, எந்த மாத்திரை, எந்தக் களிம்பு. ஆறு மாதக் குறிப்பைக் கொடுத்து 'இதைத் தேதிவாரியாக ஒரு பக்கத்தில் சுருக்கு, மருத்துவரிடம் கேட்க ஐந்து கேள்வி எழுது' என்று ஏ.ஐ.யிடம் கேளுங்கள். நன்றாகச் செய்யும். அந்த ஒரு பக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு வரும் நோயாளிக்கு ஓ.பி.யில் கிடைக்கும் அந்தச் சில நிமிடம் வீணாகாது. நோயின் பெயரையும் மருந்தின் அளவையும் மட்டும் அதனிடம் கேட்காதீர்கள்.

முகம், பெயர், மச்சம், தாலி தெரியும் படங்களை ஏற்ற வேண்டாம். மார்புக்குக் கீழே உள்ளதைப் படம் எடுக்கவே வேண்டாம், பெண் மருத்துவரையோ செவிலியரையோ உடன் வைத்துக்கொண்டு நேரில் காட்டுங்கள். மடிப்பில் வருவது பூஞ்சையா சொரியாசிஸா என்று பார்த்தே ஆக வேண்டும். அங்கே கடைக் களிம்பைத் தொடர்ந்து பூசினால் தோல் மெலிந்து வரி வரியாகக் கோடு விழும்.

தட்டும் டம்ளரும்

சொரியாசிஸ் தொற்றாது. தொட்டால் வராது, ஒரே தட்டில் சாப்பிட்டால் வராது, ஒரே படுக்கையில் படுத்தாலும் வராது. ஒரு திருத்தம்: இடுப்பில் உள்ளது பூஞ்சை என்று உறுதியானால் அது மட்டும் பரவும். அதற்குத் துண்டு, உடை, சோப்பு தனியாக இருந்தால் போதும், அதுவும் குணமாகும்வரை. தட்டுக்கும் டம்ளருக்கும் அதில் வேலையில்லை. நாத்தனார் சொல்லும் குஷ்டத்தில் பொதுவாகப் படையில் உணர்ச்சி குறையும், அரிப்பு இருக்காது. உங்களுக்கு அரிப்புதான் தூக்கத்தைக் கெடுக்கிறது. மருத்துவர் தொட்டுப் பார்த்துச் சொல்லிவிடுவார். அப்படியே குஷ்டமாக இருந்தாலும் மாத்திரையில் குணமாகிற நோய்தான் அது.

விலக்கி வைக்கும் பேச்சுக்கு: நான் வக்கீல் இல்லை, ஆனால் இந்த அளவு தெரியும். இந்து திருமணச் சட்டத்தில் விவாகரத்துக்கான காரணமாக இருந்த தொழுநோயையே 2019இல் நீக்கிவிட்டார்கள். சொரியாசிஸ் அந்தப் பட்டியலில் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. மேற்கொண்டு மிரட்டல் வந்தால் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு இலவசமாக ஆலோசனை தருகிறார்கள். வீட்டுக்காரர் உங்கள் பக்கம்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். அவரை ஓ.பி.க்கு அழைத்துக்கொண்டு போங்கள், முடிந்தால் மாமியாரையும். தொற்றாது என்ற வார்த்தையை உங்கள் வாயால் சொல்வதைவிட மருத்துவர் வாயால் அவர்கள் கேட்பது நல்லது.

போகிற அன்று காலையில் களிம்பு எதுவும் பூச வேண்டாம், தலைக்கு எண்ணெயும் வேண்டாம். இதுவரை பூசிய களிம்பு டியூப்களையும், ஊசி போட்ட சீட்டு இருந்தால் அதையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். நகத்தில் பாலீஷ் இருந்தால் அழித்துவிட்டுப் போங்கள், புதிதாக மருதாணி வைக்க வேண்டாம். நகத்தில் குண்டூசி குத்தியது போலச் சிறு குழிகள் இருக்கின்றனவா என்று மருத்துவர் தேடுவார். விரல் விறைப்பு எதனால் என்பதற்கு அந்தக் குழிகள் ஒரு சாட்சி.